யூபர்லிங்கன் விபத்து: கணினி இரண்டு விமானங்களையும் இறங்கச் சொன்னதா?

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். "கட்டுப்பாட்டு அறையின் மோதல் தடுப்பு மென்பொருள் இரண்டையுமே கீழே இறங்கச் சொன்னதுதான் காரணம்" என்று ஒரு பதிவு சுற்றிவருகிறது. தவறு.

தரையில் உள்ள அந்த மென்பொருள் விமானத்துக்குக் கட்டளை இடுவதே இல்லை. ரேடார் தரவை வைத்து, மோதும் ஆபத்து தெரிந்தால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும், அவ்வளவுதான். அன்றிரவு அந்த வான்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் பராமரிப்பு வேலை நடந்ததால் திரையில் வரவேண்டிய எச்சரிக்கை இயங்கவில்லை; பணியில் இருந்தவருக்கு அது தெரியாது. மோதலுக்கு 32 வினாடி முன்பு ஒலித்த எச்சரிக்கை யார் காதிலும் விழவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே கட்டுப்பாட்டு மையத்துக்கு எச்சரிக்கை வந்தது. அவர்கள் சூரிச்சை அழைத்தும் தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை.

விமானங்களுக்குள் இருந்த டிகாஸ் (மோதாமல் தப்ப ஏறவோ இறங்கவோ விமானிகளுக்கு நேரடியாகச் சொல்லும் கருவி) தனி. அது ரஷ்ய டியு-154 விமானத்தை ஏறவும், டிஎச்எல் நிறுவனத்தின் போயிங் சரக்கு விமானத்தை இறங்கவும் சரியாகவே சொன்னது. டியு-154ஐ இறங்கச் சொன்னவர் கட்டுப்பாட்டாளர். விமானிகள் அவர் பேச்சைக் கேட்டார்கள். (அப்போதைய விதிகளும் இதில் தெளிவாக இல்லை, அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.) டிகாஸ் சொல்வதற்கே முதலிடம் என்று சர்வதேச விதிகள் திருத்தப்பட்டது அதற்குப் பிறகுதான்.