லிட்டில் லீக் சிறுமிகளுக்குக் கதவு திறந்தது எப்படி?

அமெரிக்காவில் சிறுவர்களுக்கான பேஸ்பால் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 1974-இல் தானாகவே முன்வந்து சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டது என்று ஒரு கூற்று இருக்கிறது. ஆண்டு சரிதான். ஆனால் அமைப்பு தானாக முன்வரவில்லை.

1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் மூன்று அணிகளோடு தொடங்கியது அது. 1950-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங்கில் ஒரு சிறுமி ஆண்பிள்ளை போல முடியை வெட்டிக்கொண்டு ஆடினாள். அதன் பிறகு சிறுமிகள் ஆடக்கூடாது என்றே விதி வந்தது. 1972-இல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி சில ஆட்டங்கள் ஆடினார். அவரை வைத்திருந்தால் அங்கீகாரம் ரத்தாகும் என்று தலைமையகம் உள்ளூர் லீகை எச்சரித்தது. அவர் விலக நேர்ந்தது. தேசியப் பெண்கள் அமைப்பு புகார் கொடுத்தது. 1973-இல் நியூஜெர்சி மாநில சிவில் உரிமைத் துறையின் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் சிறுமிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். லிட்டில் லீக் மேல்முறையீடு செய்தது, 1974-இல் தோற்றது. அதற்குப் பிறகுதான் விதி மாறியது. இத்தனை போராட்டத்தையும் 'தானாக' என்ற ஒரு சொல்லில் மறைப்பது அந்தச் சிறுமிகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரிபார்ப்பது எளிது. வழக்கில் லிட்டில் லீக் எந்தப் பக்கம் நின்றது என்பது நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 1974 தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்புறம், அதே ஆண்டு டிசம்பரில் வந்த அமெரிக்கப் பொதுச்சட்டம் 93-551-ஐத் தேடிப் பாருங்கள். லிட்டில் லீகின் சாசனத்தில் 'சிறுவர்கள்' என்பதை 'இளையோர்' என மாற்றிய சட்டம் அது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.