பழையது என்றாலே ஆபத்தா?

சனிக்கிழமை நடந்த பழைய குழந்தைப் பொருள் விற்பனையில் என்ன ஆனது என்று இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் மேசையிலிருந்த பழைய படப் புத்தகப் பெட்டியை, "சட்டப்படி இதை விற்கக் கூடாது" என்று சொல்லி விற்பனையை நடத்தியவர்கள் குப்பையில் கொட்டினார்கள். இரண்டு மேசை தள்ளி, தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு ஒன்று, உறைகூடப் பிரிக்காமல், விலைச்சீட்டோடு கிடந்தது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் விற்கவே கூடாது என்று தடுத்த பொருள் அது. நான் சுட்டிக்காட்டிய பிறகும், "அது புதிதாகத்தானே இருக்கிறது" என்றார் ஒருவர்.

அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆபத்தான பொருளை விற்காதே என்பது வேறு, பழைய பொருளை விற்காதே என்பது வேறு.

2007இல் ஈயம் கலந்த வண்ணம் பூசிய பொம்மைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டே நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான பொருள்களில் ஈயம் பத்து லட்சத்தில் 600 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2009 பிப்ரவரியில் தொடங்கி, 2011இல் அதை 100 பங்காக இறக்கினார்கள். பழைய பொருள் விற்பவர் சோதனை செய்ய வேண்டியதில்லை, ஆனால் வரம்பை மீறிய பொருளை விற்றால் குற்றம் என்றார்கள். சோதிக்காமல் எப்படித் தெரியும்? ஈயத்தை அளக்கும் கருவியின் விலை பல ஆயிரம் டாலர். பெரிய தொழிற்சாலைக்கு வைத்த அளவுகோலை, துவைத்து மடித்த சட்டையை விற்கிறவள் தலையிலும் வைத்தார்கள். 1985க்கு முன் அச்சான சிறுவர் நூல்கள் அலமாரிகளிலிருந்து இறங்கியது, பழைய அச்சு மையில் ஈயம் இருக்குமோ என்ற அந்தப் பயத்தில்தான்.

2011 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, பயன்படுத்திய குழந்தைப் பொருள்களுக்கு அந்த ஈய வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். உலோக நகைக்கு விலக்கு இல்லை. மேற்பூச்சு வண்ணத்துக்கான வரம்பு அப்படியே நிற்கிறது. மீறுகிறது என்று தெரிந்தே விற்பவருக்கும் விலக்குக் கிடையாது. நியாயமான திருத்தம். ஆனால் நம்மவர்கள் 2009இன் பயத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"குழந்தையின் உயிரைவிட உனக்கு வியாபாரம் பெரிதா?" என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார் ஒருவர். பெயரைச் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் மகள் போட்டது யாரோ கழற்றிக் கொடுத்த கோட்டுதான். இன்று என்னிடம் வரும் ஒவ்வொரு சிறுவர் கோட்டிலும் தலைமூடியின் நாடாவை நானே உருவி எடுக்கிறேன். முடிச்சு துளைக்குள் சிக்கிக்கொள்ளும். உள்பக்கத் தையலைப் பிரித்து இழுத்தால்தான் வரும், நகம் பிய்ந்துவிடும். சறுக்குமரத்தில் அந்த நாடா மாட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கவாட்டுத் தடுப்பை ஏற்றி இறக்கும் தொட்டில்களை 2011 ஜூனிலிருந்து யாரும் விற்கக் கூடாது. கொண்டுவந்தவர்களிடம், யாருக்கும் கொடுக்காதீர்கள், பிரித்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வந்து உயிரின் மதிப்பைச் சொல்கிறார்கள்.

ஏழைகளுக்கு மட்டும் தரம் குறைந்த பொருளா என்று கேட்பவர்களுக்கு: நான் விற்பது போன்ற பழைய சட்டையை என் பிள்ளைக்கும் போட்டுத்தான் வளர்த்தேன். ஈயம் கண்ணுக்குத் தெரியாதே என்பவர்களுக்கு: அதனால்தான் பழைய வண்ணம் உரியும் பொம்மையையும் உலோகச் சங்கிலியையும் நான் தொடுவதே இல்லை.

1998இல் சிகாகோவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒரு மடக்குத் தொட்டில் சரிந்து பதினாறு மாதக் குழந்தை இறந்துபோனது. அந்தத் தொட்டில் 1993இலேயே திரும்பப் பெறப்பட்டது. அதை வைத்திருந்தவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் பெயரில் 2008 சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது: தொட்டில் போன்ற பொருள்களை வாங்குபவருக்குப் பதிவு அட்டை கொடுக்க வேண்டும் என்று. அட்டை முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது வீட்டுக்கு யார் சொல்வது? என்னைப் போன்றவர்கள்தான் சொல்கிறோம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிடும், திரும்பப் பெற்ற பொருள்களின் பட்டியலில் மாடல் எண்ணைத் தட்டிப் பார்த்து, தாயிடம் காட்டி, வேண்டாம் அம்மா என்று சொல்கிறோம். எங்களைத் துரத்திவிட்டால் பொருள்கள் மறைந்துவிடாது. எந்தப் பட்டியலையும் பார்க்காதவர் கையில் மாறும்.

அடுத்த விற்பனைக்கும் மேசை போடச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தடைப் பட்டியலை என்னோடு உட்கார்ந்து ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அழையுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.