பெருங்காய டப்பாவில் ஒளிந்திருக்கும் கோதுமை

"நமக்கென்ன, அரிசிச் சோறு தின்கிற ஊரு. சப்பாத்தியை நிறுத்தினா போதும்." ஒருவருக்குச் செலியாக் (கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய்) என்று உறுதியானதும் வீட்டில் முதலில் வரும் பேச்சு இதுதான். பாதி உண்மை. ஆறு மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் இறங்காமல் நின்றால், பல வீடுகளில் மீதிப் பாதிதான் காரணம்.

பரோட்டா, பூரி, ரவா உப்புமா, கேசரி, சேமியா பாயசம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோதுமை. யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரியாத கோதுமை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பெருங்காயப் பிசின் பிசுபிசுக்கும், நெடியும் தாங்காது. அதனால் மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள், தூளானாலும் கட்டியானாலும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும்.

ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு. கால் டீஸ்பூன் தூள் முக்கால் கிராம் என்று வையுங்கள். பாதி மாவு என்றால் 375 மில்லிகிராம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று எடுத்தால் 37 மில்லிகிராம். நாலு பேருக்கான சாம்பாரில் ஆளுக்கு 9. செலியாக் உள்ளவர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தினம் 50 என்று மாதக்கணக்கில் போனால் குடலுறிஞ்சிகள் சேதமாகும். சாம்பாரிலேயே 9 தீர்ந்துவிட்டது. ரசம், ஊறுகாய், இட்லிப் பொடி, அப்பளம் இன்னும் பாக்கி.

வழி இருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் சந்தையில் உண்டு, பொருள் பட்டியலைப் பார்த்து வாங்கலாம். கலப்பில்லாத பிசின் கிடைத்தால் கடுகளவு போதும். அதற்கு மேல் போட்டால் குழம்பு கசக்கும். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் பூண்டைத் தட்டிப் போட்டுப் பெருங்காயத்தையே விட்டுவிடுங்கள். ரசம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

அடுத்த ஏமாற்று பெயரில் இருக்கிறது. சம்பா ரவை என்றதும் சம்பா அரிசி நினைவுக்கு வருகிறது. அது சம்பா கோதுமை. சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று வாங்கி வைத்திருப்பார்கள், செலியாக்குக்கு ஆகாது. ராகி சேமியா, ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் முதல் பொருளாகக் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும் பாக்கெட்டுகள் ஏராளம். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. தானியத்தில் பிழையில்லை, பாக்கெட்டில்தான். பார்லியில் குளூட்டன் உண்டு. ஆகவே நீர்க்கடுப்புக்குக் காய்ச்சும் பார்லித் தண்ணீரும், மால்ட் (முளைகட்டிய பார்லி) கலந்த சத்து பானங்களும் கூடாது. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடிக்க, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 'மைதா சேர்க்கவில்லை' என்பது அந்தக் கணக்கில் வராது. மைதாவுக்குப் பதில் முழுக் கோதுமை போட்டுவிட்டும் அப்படி எழுதலாமே!

இலங்கைக் கடையிலோ விருந்திலோ சாப்பிட்டால் இன்னொன்று. அங்கே இடியப்பமும் பிட்டும் அரிசி மாவில்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. அவித்த கோதுமை மாவிலும் பிழிவார்கள், அரிசி மாவோடு கலந்தும் பிழிவார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாவு மில்லுக்கு வருவோம். முந்தின ஆள் கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்தின் கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு உங்கள் கேழ்வரகோடுதான் வெளியே வரும். காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மாவு உள்ளே இருக்கும். மாவு வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதே மேல். சல்லடை தனியாக வேண்டும்; கோதுமை சலித்த சல்லடையை எப்படிக் கழுவினாலும் கண்ணிகளில் ஒட்டியது போகாது. சப்பாத்திக் கட்டையும் அப்படித்தான். தோசைக்கல்லைப் பற்றி வீடுகளில் சண்டையே வரும். சப்பாத்தி சுட்ட இரும்புக் கல்லைத் துணியால் துடைத்துவிட்டுத் தோசை ஊற்றுவது சரிப்படாது, தனிக் கல் வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரம், கிரைண்டர் இதெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வீட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டாம்.

சப்பாத்திக்குப் பதில் சோள ரொட்டி செய்து, விண்டுபோய், வெறுத்துவிட்டவர்கள் அதிகம். ஒரு கப் சோள மாவு, முக்கால் கப் தண்ணீர், உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, உடனே தட்டுங்கள். குளூட்டன் இல்லாத மாவை இழுத்துப் பிடிப்பது வெந்த மாவுச்சத்து மட்டுமே. வெதுவெதுப்பான தண்ணீரில் அது வேகாது, ஓரமெல்லாம் விரியும். ஆறவிட்டாலும் விரியும். மாவு பழசாக இருந்தாலும் கூடி வராது. அப்போது ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமி கைகொடுக்கும்.

இனி, கோபமாகவே சொல்ல வேண்டிய ஒன்று. வயிறு உப்புசம் என்றதும் யூடியூப் பார்த்துக் கோதுமையை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். செலியாக்கைக் கண்டறியும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை (ஐஜிஏ என்பது ஒருவகை எதிர்ப்பொருள்) குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் எண் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று வரும். பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் ஆறெட்டு வாரம் திரும்பக் கோதுமை சாப்பிட்டுத் துன்பப்பட வேண்டும். மொத்த ஐஜிஏ அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு முதல் பரிசோதனை பொய் சொல்லும். உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலியாக் வடநாட்டு நோய் என்பதும் அரைகுறைப் பேச்சு. 2016-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் செலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்று வந்தது. ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வித்தியாசம் தட்டில்: அங்கே நாளுக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25. இரவு டிபன் சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகள் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

செலியாக் இல்லை என்று வந்தும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குக் குற்றவாளி குளூட்டனாக இல்லாமல் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியாக இருக்கலாம். நார்வேயில் 59 பேருக்கு எது என்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த, 2018-இல் வெளியான ஆய்வில், ஃபிரக்டான்தான் வயிற்றை அதிகம் படுத்தியது. அது வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக இருக்கிறது. சப்பாத்தியை விட்டும் சின்ன வெங்காயச் சாம்பார் அன்று வயிறு ஊதினால், இரண்டு வாரம் வெங்காயம் பூண்டை நிறுத்திப் பாருங்கள்.

ஹோட்டலில் குளூட்டன் என்று கேட்டால் சப்ளையர் விழிப்பார். "கோதுமை, மைதா, ரவை, பெருங்காயம் நாலும் சேராதது எது?" என்று கேளுங்கள். இட்லிக்குச் சாம்பார் வேண்டாம், தாளிக்காத தேங்காய்ச் சட்னி வாங்குங்கள். தோசை என்றால் யோசியுங்கள், ரவா தோசையையும் அதே கல்லில்தான் வார்க்கிறார்கள்.