நூறு வயதில் ஜன்னல் வழியே இறங்கியவர்

நம் கதைகளில் தாத்தா பாட்டி வந்தாலே எனக்குப் பயம். ஒன்று, அறிவுரை சொல்வார்கள். இல்லையென்றால் நம்மை அழவைத்துவிட்டுச் செத்துப்போவார்கள். வயசானவரைச் சும்மா சேட்டை பண்ணித் திரிய விடுகிற எழுத்தாளர்கள் குறைவு.

அந்தக் கடுப்பைத் தீர்த்தது யோனாஸ் யோனாசனின் 'ஜன்னல் வழியே இறங்கிக் காணாமல்போன நூறு வயதுக்காரர்'. 2009இல் ஸ்வீடிஷில் வந்த நாவல். நான் வாசித்தது ராட் பிராட்பரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 2005 மே 2, ஆலன் கார்ல்சனுக்கு நூறாவது பிறந்தநாள். முதியோர் இல்லத்தில் விழா ஏற்பாடு தடபுடல். இவரோ வீட்டுச் செருப்போடு ஜன்னலில் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறார். எந்த ஊர் என்ற கவலையே இல்லை. உடனே கிளம்புகிற பஸ் எது, கையில் இருக்கிற காசுக்கு எவ்வளவு தூரம் போகும், அவ்வளவுதான். கழிவறைக்குப் போன ஒரு ரவுடிப்பயல் பார்த்துக்கொள்ளச் சொன்ன பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போகிறார். உள்ளே 5 கோடி குரோனர், ஸ்வீடன் பணம்!

எங்கள் பெரியப்பா ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் அழகர்கோயில் பஸ் ஏறிவிட்டார். மதுரையில் பெரியார், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுகள் என்று குடும்பமே தேடியது. சாயங்காலம் கோயில் தோசையோடு வந்து இறங்கியவரை ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒருவராவது "தரிசனம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்கவேண்டுமே! தோசையை மட்டும் மிச்சமில்லாமல் தின்றார்கள்.

ஆலனின் பழைய கதை இதைவிட லந்து. வெடிமருந்து ஆசாமி. அமெரிக்கா அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் காபி ஊற்றப் போன இடத்தில் அணுகுண்டுக்கே யோசனை சொல்கிறார். பிராங்கோ, ட்ரூமன், ஸ்டாலின், மாவோ என்று நாட்டுத் தலைவர்கள் எல்லோரையும் பார்த்துவிடுகிறார். சாப்பாடும் வோட்காவும் கிடைத்தால் போதும். கொள்கை பேசினால் கொட்டாவி.

சிரிப்புக்கு நடுவே ஓர் இடம் சுருக்கென்றது. இனத் தூய்மை பேசும் ஒரு பேராசிரியர் இளவயது ஆலனுக்கு அறுவை செய்து பிள்ளை பிறக்காமல் ஆக்கிவிடுகிறார். இது வெறும் கற்பனை இல்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் இன உயிரியலுக்கென்றே 1922இல் அரசு நிறுவனம் தொடங்கினார்கள். 1934இல் கருத்தடைச் சட்டமும் வந்தது. அது எழுபதுகளின் நடுப்பகுதி வரை இருந்தது. யோனாசன் இதற்காக ஒப்பாரி வைப்பதில்லை, ஆலன் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

குறை உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தலைவர், ஒரு குடி, ஒரு தப்பித்தல் என்று பின்பாதி சலிக்கிறது. யானை ஒருத்தன்மேல் உட்காரும் இடத்தில் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

2018இல் இதன் தொடர்ச்சியும் வந்திருக்கிறது. மதுரையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கே.கே.நகர் என்றாலும் திருநகர் என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.