பத்து விரலுக்கு எதுக்கு இத்தனை பாட்டில்?

"இருக்கிறதே பத்து விரல், அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாட்டில்?" என் நெயில் பாலிஷ் அலமாரியைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். மாமியார் கேட்டிருக்கிறார். பேங்கில் பக்கத்து கவுன்ட்டரில் உட்காருகிறவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் கேட்காதவர்கள் குறைவு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இது எனக்குக் கைவேலை. எம்பிராய்டரி போடுகிறவரிடம் போய் "ஒரு ஊசிக்கு எதுக்கு இத்தனை நூல்கண்டு" என்று யாரும் கேட்பதில்லை. நகத்தில் செய்யும் வேலை என்றதும் மட்டும் அது பார்லர் சமாச்சாரமாகவும் வெட்டிச் செலவாகவும் ஆகிவிடுகிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். என்னிடம் இருக்கிற சிவப்புகளை வரிசையாகப் பூசி வைத்தால் ஒன்று நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்று ஆரஞ்சின் பக்கம், ஒன்று அரக்கு. டியூப்லைட்டில் ஒன்று போலத் தெரிகிற இரண்டு, மொட்டைமாடி வெயிலில் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். "நியூட்" என்று விற்கிறார்களே, அதில் முக்கால்வாசி வெளுத்த தோலை மனதில் வைத்துக் கலந்த நிறங்கள். மாநிறக் கையில் அவை சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். வெளிர் பிங்கும் அப்படித்தான், சுண்ணாம்பு தடவினது போலாகிவிடும். ஆனால் செங்கல் நிறம், அரக்கு, மயில்கழுத்து, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் இவையெல்லாம் நம் கையில் உட்காருகிற அழகு வேறு. இதை எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பூசிப் பூசிப் பார்த்துத்தான் தெரிந்தது. நம் தோலுக்கு எது எடுக்கும் என்று நம் கண்ணாலேயே கண்டுபிடிப்பதற்கு பாட்டில்கள் வேண்டும். சேகரிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

நிறத்துக்கு அடுத்தது ஃபினிஷ். க்ரீம் என்பது வழவழப்பாக, ஒரே சீராக மூடுவது. ஜெல்லி என்பது கண்ணாடி வளையல் போல உள்ளே தெரிவது. ஹோலோகிராஃபிக் என்று ஒன்று இருக்கிறது, வீட்டுக்குள் வெறும் வெள்ளிச் சாம்பலாகத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியில் கை வைத்தால் நகத்தில் வானவில் கோடாக ஓடும். மேக்னடிக் பாலிஷில் இரும்புச் சத்துள்ள துகள் கலந்திருக்கும். ஈரமாக இருக்கும்போதே நகத்துக்கு மேலே ஒரு சின்னக் காந்தத்தைத் தொடாமல் பிடித்தால், துகளெல்லாம் நகர்ந்து வந்து பூனைக்கண் மாதிரி ஒரு ஒளிக்கீற்றாகச் சேரும். ஈரப் பூச்சுக்குள் அது ஊர்ந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை முறை செய்தாலும் அந்த நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இனி கைவேலை என்று சொன்னதற்கு வருகிறேன். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, காற்றுக்குமிழி ஏறும்; இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்ட வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். நம் ஊரில் இதுதான் பெரிய தியாகம், ஆனால் ஃபேன் காற்றில் மேலாக ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று கொப்புளம் கொப்புளமாக வந்துவிடும். நிறத்துக்கு அடியில் பூசுகிற பேஸ் கோட் போடாமல் அடர் சிவப்பைத் தொடவே கூடாது, நகம் மஞ்சளாகிவிடும். பிரஷ்ஷின் ஒரு பக்கத்தை பாட்டில் வாயில் வழித்துவிட்டு, மறுபக்கத்தில் நிற்கும் ஒரு சொட்டை நகத்தின் நடுவில் வைத்து, நகம் தொடங்குகிற இடத்துத் தோல் பக்கம் மெல்லத் தள்ள வேண்டும். தோலைத் தொடக் கூடாது, ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இடது ஓரம், வலது ஓரம். கடைசியாக நகத்தின் விளிம்பையும் ஒரு தடவு தடவி மூட வேண்டும். அதை விட்டால் மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போதே நுனி உரிய ஆரம்பிக்கும். கனமாக ஒரு கோட் போடுவதைவிட மெல்லியதாக இரண்டு. இவ்வளவும் வெறும் ஒற்றை நிறத்துக்கு.

டிசைன் என்று வந்தால் எனக்குப் பிடித்தது கட்டைவிரல் நகத்தில் சிக்குக் கோலம். செங்காவி நிறத்தில் அடிப்பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகு, அலுமினிய ஃபாயில் துண்டில் ஒரு சொட்டு வெள்ளையை விட்டு ஒரு நிமிடம் வைத்திருப்பேன். பாட்டிலிலிருந்து எடுத்த உடனே வைத்தால் புள்ளி பரவிவிடும், ரொம்ப நேரம் விட்டால் நூல் இழுக்கும். ஹேர்பின்னின் உருண்டை முனையை அதில் தொட்டு மேலே இரண்டு, நடுவில் மூன்று, கீழே இரண்டு என்று இடுக்குப் புள்ளி. அந்தக் கட்டைவிரல் நகத்தில் ஏழு புள்ளி தாராளமாக நிற்கும். அப்புறம் நாலைந்து முடி மட்டும் இருக்கிற மெல்லிய பிரஷ்ஷால் புள்ளிகளைச் சுற்றி வளைக்க வேண்டும். பிரஷ்ஷை நகர்த்துவதைவிட விரலை அதன் கீழே திருப்புவதுதான் சூட்சுமம். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் வருவதையெல்லாம் நம் வீட்டில் அப்படியே செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. கல் பதித்து, பூ ஒட்டி, முத்து வைத்த நகங்கள் பார்க்க அழகுதான். ஆனால் ரசம் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது சரிப்படாது. வெள்ளை நுனி வைத்த ஃப்ரெஞ்ச் மானிக்யூர் போட்டுக்கொண்டு மஞ்சள்தூள் தொட்டால் இரண்டாம் நாளே நுனி பழுப்பு மஞ்சள். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வேலைப்பாடெல்லாம் இடது கையில், வலது கையில் வழவழப்பான ஒற்றை நிறம், அதுவும் நகத்தை ஒட்ட வெட்டி. வலது கைக்காரிக்கு இடது கையில்தான் நன்றாக வரையவும் வரும். நம் சாப்பாட்டுக்கும் சமையலுக்கும் ஏற்ற நெயில் ஆர்ட் என்று ஒன்றை நாமே வளர்த்தெடுக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். மருதாணியை அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி வைத்தவர்கள் நாம். அதில் இருக்கிற லாசோன் என்ற சாயம் நகத்திலேயே பிடித்துக்கொண்டு, நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாது. மாதம் மூன்று மில்லிமீட்டர் போலத்தான் விரல்நகம் வளரும் என்பதால் அதற்கு ஆறு மாதம்கூட ஆகும். விரல் நுனிக்கு நிறம் ஏற்றுவது நமக்கு வெளியூர் வழக்கம் இல்லை.

பாட்டிலில் வருகிற திரவம்தான் புதிது. கியூடெக்ஸ் 1917-ல் அமெரிக்காவில் திரவ நெயில் பாலிஷைக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் இன்றும் எந்த கம்பெனி பாட்டிலுக்கும் கியூடெக்ஸ் என்றுதான் பெயர். 1932-ல் தொடங்கிய ரெவ்லான், சாயத்துக்குப் பதில் நிறமியைக் கலந்து, அடியில் நகம் தெரியாமல் மூடுகிற பாலிஷைக் கொண்டுவந்தது. இங்கே டாடா ஆயில் மில்ஸிலிருந்து 1952-ல் லாக்மே வந்தது. பாட்டிலுக்குள் இருப்பதில் முக்கியமானது நைட்ரோசெல்லுலோஸ். பழைய சினிமா ஃபிலிம் சுருளும் கார் பெயின்ட்டும் செய்த அதே பொருள். அது எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரியான கரைப்பானில் கரைந்திருக்கிறது. கரைப்பான் ஆவியானால் படலம் நிற்கும்; ரிமூவர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். அவ்வளவுதான் அதன் ரகசியம். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. கோணலாக வந்தால் துடைத்துவிட்டு அடுத்த நிமிடமே மறுபடி தொடங்கலாம்.

இங்கேதான் ஜெல் பாலிஷ் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேம்ப்போடு சேர்த்து வீட்டுக்கு வரவழைக்கிற ஜெல் கிட்டை ஆரம்பத்திலேயே வாங்காதீர்கள். ஜெல் காய்வதில்லை, யூவி அல்லது எல்இடி வெளிச்சத்தில் வேதிவினை நடந்து கெட்டியாகிறது. ஜெல்லில் இருக்கிற மெத்தாக்ரிலேட் என்ற ரசாயனம் சரியாகக் கெட்டியாகாமல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி வரும், வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. 2018-ல் பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் வீட்டு கிட்களைக் குறிப்பிட்டே எச்சரித்தது. அதே குடும்ப ரசாயனங்கள் பல் அடைக்கிற பொருளிலும், மூட்டு மாற்று சிகிச்சையில் வைக்கிற சிமென்ட்டிலும் இருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். பல ஜெல்களில் இருந்த டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் நகப்பூச்சுகளில் தடை செய்துவிட்டது. தேர்ந்தவர் கையில் போட்டுக்கொள்வது வேறு. யூடியூபைப் பார்த்து, தோலில் வழிய வழியப் போடுவது வேறு.

சாதாரண பாலிஷ் மட்டும் அமிர்தமா என்று கேட்பீர்கள். இல்லை. டொலுயீன், ஃபார்மால்டிஹைட், டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லை என்று இப்போது லேபிளில் பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சில பிராண்டுகள் சேர்க்கிற டிரைஃபீனைல் பாஸ்பேட் பூசிய சில மணி நேரத்தில் உடம்புக்குள் போகிறது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பூசுவேன், அடுப்பு எரியும்போது பாட்டிலைத் திறக்கவே மாட்டேன். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கோ போகிறவர்கள் அழித்துவிட்டுப் போங்கள். அடர் நிறம் இருந்தால் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் அளவு தப்பலாம்.

"நகத்துக்குக் கலர் அடிச்சவ வேலை செய்ய மாட்டா" என்ற பேச்சுதான் எனக்கு ஆறவே ஆறாதது. நான் நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறேன். அமெரிக்காவின் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் நீளமான, நிறம் பூசிய நகங்களோடுதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். அதே ஆண்டு 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடிய அவருடைய உலக சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. 1975-ல் வியட்நாமிலிருந்து கலிஃபோர்னியா அகதி முகாமுக்கு வந்த பெண்கள், அங்கே உதவிக்கு வந்த நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். அவர் தன்னுடைய மானிக்யூரிஸ்ட்டையே அழைத்துவந்து சுமார் இருபது பேருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்றைக்கு அமெரிக்க நெயில் சலூன்களில் வியட்நாமியர் கை ஓங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு தொடக்கம். ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்களின் குடும்பங்களை அந்தச் சின்ன பிரஷ் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நகம் ஈரமாக இருக்கிற அந்த அரை மணி நேரம் என்னால் எந்த வேலையும் செய்ய முடியாது. மாவு கரைக்க முடியாது, துணி மடிக்க முடியாது, ஃபோனைக்கூட எடுக்க முடியாது. வீட்டில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால் யாருக்காவது தண்ணீர் தேவைப்படும், யாருடைய சட்டையாவது காணாமல் போகும். "நகம் காயலை" என்றால் அவர்களே எழுந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு மத்தியானம் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மாமியாரும் இப்போது எதிரில் வந்து உட்கார்ந்து "எனக்கு அந்த அரக்கு போடும்மா" என்கிறார். வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மட்டும் இன்னும் விடுவதில்லை.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு: அலமாரியை நிரப்பிவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு பேஸ் கோட், உங்கள் கைக்கு எடுக்கிற ஒரு அடர் நிறம், ஒரு வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே பூசுகிற ஒரு டாப் கோட் போதும். திருச்சியில் என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் இருப்பது மாதிரி எந்த ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலும் இவை கிடைக்கும். வாங்கும்போது பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள், திரவம் சட்டென்று ஓடினால் எடுங்கள், தேன் மாதிரி இழுத்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். வெயில் படாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். கெட்டியானால் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு சொட்டு விடுங்கள், ரிமூவரை ஊற்றாதீர்கள், மொத்தமும் கெட்டுவிடும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் நிறத்தில் பிடியுங்கள். டாப் கோட் மட்டும் நல்லதாக வாங்குங்கள்.