அபராதத்தைத் தவணையிலும் கட்டலாம், கேளுங்கள்

அண்ணியின் காதில் ஈர்க்குச்சியைப் பார்த்த அன்றே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டால், ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கத் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். அம்மா காலத்தில் பார்த்தது. மறுபடியும் அதை எங்கள் வீட்டிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பெரியம்மா பையன், எனக்கு அண்ணன். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார், சொந்த வண்டி இல்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி லோடு இறக்கிவிட்டு, குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். மடக்கி ஊதச் சொன்னார்கள். டி.டி. கேஸ், அதாவது குடித்துவிட்டு ஓட்டிய கேஸ். வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு ராத்திரி நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அவர் செய்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுபவன் அடுத்தவன் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய் வரை என்று இருந்ததை 10,000 ஆக்கியபோது, நல்லது என்று சொன்னவன் நான். ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய் இருந்தது 1,000 ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகையை வசூலிக்க ஆரம்பித்தபோதும் நான் முணுமுணுக்கவில்லை.

ஹெல்மெட் என்றால் ரோட்டிலேயே ஃபைனைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் கோர்ட்டுக்குத்தான் போகும். நானும் கூடப் போனேன்.

காலை பத்து மணிக்கு வராந்தாவில் முப்பது, நாற்பது பேர். சுவரில் சாய்ந்துகொண்டு ஒருவர் லுங்கி மடிப்பிலிருந்து நோட்டை எடுத்து எண்ணுகிறார், திரும்ப வைக்கிறார், மறுபடி எடுத்து எண்ணுகிறார். எத்தனை தடவை எண்ணினாலும் அது கூடப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அண்ணன் சட்டைப் பையில் இருந்த பத்தாயிரத்தில் ஒன்பது, அண்ணியின் இரண்டு கிராம் கம்மல். மீதி ஆயிரம் பக்கத்து வீட்டில் கைமாற்று. வாசலில் நின்ற ஒரு ஆள், "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்று ஐநூறு வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது கிடையாது.

உள்ளே இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டார். பத்தாயிரம் அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதம் சிறை. அந்த இரண்டாவது பாதி காதில் விழுந்ததும் அண்ணன் கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். பணம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தப் பணம் இல்லாமல் வந்திருந்தால்?

இந்தக் கேள்வியை அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். "தவணை கேட்டிருக்கலாமே" என்றார், சாதாரணமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 424-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 464-வது பிரிவு. அபராதம் மட்டும் விதித்து, கட்டாவிட்டால் சிறை என்று தீர்ப்பு வந்து, உடனே கட்ட முடியாவிட்டால், நீதிமன்றம் 30 நாள் வரை அவகாசம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு அல்லது மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுக்கலாம். முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தடுத்தவையும் 30 நாளுக்கு மிகாத இடைவெளியில். அதுவரை ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, அது மாஜிஸ்ட்ரேட்டின் முடிவு. ஆனால் கேட்டால்தானே கொடுப்பார்கள்? கேட்கலாம் என்றே அந்த வராந்தாவில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, பட்டம் வாங்கியவன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கட்ட முடியாமல் உள்ளே போனவர், இருந்த நாட்களுக்கு ஈடான பங்கு போக மீதியைக் கட்டிவிட்டால் வெளியே வந்துவிடலாம். முழுத் தொகையையும் புரட்டும்வரை கிடக்க வேண்டியதில்லை. இதையும் வீட்டாரிடம் யாராவது சொன்னால்தான் உண்டு.

தள்ளுபடி கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் கர்நாடகாவில் நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள், அதற்கு முந்தின வருடம் தெலங்கானாவிலும் பெரிய தள்ளுபடி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒழுங்காக, நேரத்துக்குக் கட்டியவன் ஏமாளி ஆகிறான். தவணையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பத்தாயிரமும் அரசுக்கு வந்து சேரும். கந்து வட்டிக்காரனுக்குப் போகிற பங்குதான் மிச்சமாகும்.

சம்பளம் மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்குப் பத்தாயிரம் என்பது மூன்று நாள் சம்பளம். அண்ணனுக்கு, லோடு கிடைக்கிற நாளாகப் பார்த்து எண்ணினாலும் பதினைந்து நாள். அதுவும் வண்டி ஸ்டேஷனில் நின்ற நாட்களின் கூலி போனது தனி. அபராதம் அவருக்கு. ஆனால் அண்ணியின் காது என்ன தப்பு செய்தது?

அபராதம் கட்ட முடியாமல் சிறையில் இருக்கும் ஏழைகளுக்கு உதவ மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒருவரை உள்ளே அனுப்பி, சோறு போட்டு, குழு கூடி, கோப்பு நகர்ந்து, அரசே பணம் கட்டி வெளியே எடுப்பதற்கு முன்னால், தீர்ப்பு சொல்கிற அந்த நிமிடத்தில் "ஒரே தடவையில் கட்ட முடியுமா, தவணை வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதுமே. ஒவ்வொரு கோர்ட் வராந்தாவிலும் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு பலகை வைத்தால் போதுமே. வக்கீல் வைக்க முடியாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குக் கூப்பிடலாம். அந்த எண்ணையும் அதே பலகையில் எழுதுங்கள்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் இதே மாதிரி மாட்டினான். டெலிவரி வேலை பார்ப்பவன். அப்பா இல்லை. கையில் மூவாயிரம்தான் இருந்தது. ராத்திரி முழுக்க அவனைத் திட்டினேன், காலையில் கூடப் போனேன். என்ன கேட்க வேண்டும் என்று ஆட்டோவில் போகும்போதே இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

தொகையைச் சொன்னதும் கை கூப்பிக்கொண்டு, குரல் நடுங்க, "அம்மா, மொத்தமா கட்ட முடியலம்மா. தவணையில கட்டிடறேன்" என்றான்.

மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு எவ்வளவு கொண்டு வந்திருக்க?" என்று கேட்டார். சொன்னான். பேனாவை எடுத்து எழுதினார். மூன்று தவணை.