ஆற்றுக்கும் மலைக்கும் கட்டிச் செல்லும் கைக்கடிகாரம்

பருவமழை தொடங்கினால் துணி கூடக் காயாத நமது மலையகத்தில், ஆற்றுக்கும் மலையேற்றத்துக்கும் கட்டிச் செல்ல உறுதியான கைக்கடிகாரம் தேடும் தம்பிமார் பலரும், அதன் பின்மூடியில் பொறித்திருக்கும் மீற்றர் கணக்கை மட்டுமே நம்பி வாங்குவதைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. 30 மீற்றர் என்று எழுதியிருந்தால் 30 மீற்றர் ஆழம் வரை முக்குளிக்கலாம் என்று பொருளல்ல. அது, ஆய்வுகூடத்தில் அசையாத நீரில் புதிய கடிகாரம் தாங்கிய அழுத்தத்தின் அளவு. நடைமுறையில் அது மழைத்தூறலுக்கும் கை கழுவுவதற்கும்தான் போதும். 50 மீற்றர் சாதாரண நீச்சலுக்குச் சரி. கித்துள்கலையில் களனி கங்கையின் பாறைகளுக்கிடையே இறப்பர் படகில் போகிறவர்கள் 100 மீற்றருக்குக் குறைந்த எதையும் கட்டக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சுழியோடிகளின் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேச நியமம், ஒவ்வொரு கடிகாரத்தையும் குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. சாதாரண நீர்காப்புக் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 அப்படி ஒவ்வொன்றையும் சோதிக்கக் கேட்பதில்லை. ஆயினும் நமது ஆறுகளுக்குச் சுழியோடிக் கடிகாரம் வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பின்மூடியையும் பொத்தான்களையும் சுற்றியுள்ள மெல்லிய இறப்பர் வளையங்களே நீரைத் தடுக்கின்றன என்பதை அறிந்து, அவற்றைப் பேணினால் போதும். நீருக்குள் பொத்தானை அழுத்தாதீர்கள். சிவனொளிபாத மலையிலிருந்து இறங்கிய களைப்பில் சுடுநீரில் குளிக்கும்போது கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். வெப்பமும் சவர்க்காரமும் அந்த வளையங்களைக் கெடுத்துவிடும். ஹோட்டன் சமவெளியின் விடியற்காலைக் குளிரில் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால், ஈரம் ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

அடிதாங்கும் கடிகாரம் என்றதும் பலரும் ஜி-ஷொக்கையே சொல்வதற்குக் காரணம் உண்டு. 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது, 10 பார் (அதாவது 100 மீற்றர் எனக் குறிக்கப்படும் அளவு) நீரழுத்தத்தைத் தாங்க வேண்டும், பற்றரி 10 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற மூன்று இலக்குகளுடன் கசியோவின் பொறியியலாளர் கிகுவோ இபே உழைத்ததன் பயனாக, 1983இல் அது வெளிவந்தது. உள்ளிருக்கும் இயந்திரம் உறையோடு இறுக ஒட்டாமல் ஒருசில புள்ளிகளில் மட்டும் தாங்கப்பட்டிருப்பதால், அடியின் அதிர்வு அதனைச் சென்றடைவதில்லை. அதே தோற்றத்தில் மலிவாகக் கிடைக்கும் போலிகளுக்குள் இந்த அமைப்பு இருக்கும் என்று நம்ப இடமில்லை. ஆகவே, விலையுயர்ந்த ஒன்றின் போலியைவிட, நம்பகமான நிறுவனத்தின் எளிய அசலே மேல்.

உயரம் காட்டும் கடிகாரம் வேண்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் கருவிக்கு, அழுத்தம் ஒரு ஹெக்டோபஸ்கால் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவதும் நீங்கள் ஏறத்தாழ 8 முதல் 10 மீற்றர் ஏறுவதும் ஒன்றுதான். அழுத்தமோ நீங்கள் அசையாமல் நின்றாலும் வானிலையாலும் பொழுதாலும் மாறுவதால், இருந்த இடத்திலேயே உயரம் கூடியும் குறைந்தும் காட்டும். கருவி பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். உயரம் தெரிந்த இடத்தில் அதனைத் திருத்திக்கொள்ளுங்கள். ஹோட்டன் சமவெளிக்கு ரயிலில் போகிறவர்களுக்குச் சுமார் 1,897 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையம் அதற்குப் பொருத்தமான இடம்.

தோல் பட்டி நமது ஈரத்தில் நாறிப்போகும் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். கடிகாரத்தின் அடியால் ஒரே துண்டாகச் செல்லும் நைலோன் பட்டி எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியைக் கடிகாரத்தோடு பிணைக்கும் ஊசிகளில் ஒரு பக்கத்து ஊசி கழன்றாலும் மறுபக்கத்து ஊசி கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆற்றோடு போகாது. பற்றரி மாற்றக் கொடுக்கும்போது இறப்பர் வளையத்தையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். அந்த வசதி இல்லாத கடையில் மூடியைத் திறந்த கடிகாரத்தை, பின்மூடியில் 200 மீற்றர் என்று எழுதியிருந்தாலும், ஆற்றுக்குக் கொண்டு போகாதீர்கள்.